ஆயிரம் கண்டெய்னர்களும் ஒரு கற்பூரமும்

புதிதாக ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டவனை ஆறு மாதத்துக்குத் தனியாக விடக்கூடாது. கார் ஓட்டப் பழகியவன், யோகா வகுப்புக்குப் போய் வந்தவன், தபாலில் ஹோமியோபதி படித்தவன், யாராக இருந்தாலும் சரி, அக்கம்பக்கத்தார் கதவைச் சாத்திக்கொள்வது நல்லது. நான் கற்றுக்கொண்டது லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் இயங்குதளம். கதவைச் சாத்தத் தெரியாமல் என்னிடம் மாட்டிக்கொண்டது திருவொற்றியூரில் இருந்த ஒரு கண்டெய்னர் யார்டு.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஜமால் பாயின் யார்டு வரும். துறைமுகத்துக்குப் போக வேண்டியதும் அங்கிருந்து வந்ததுமாக ஆயிரத்துச் சொச்சம் கண்டெய்னர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நான் அங்கே சிஸ்டம் அட்மினிஸ்ட்ரேட்டர். (பெயர் கௌதமன். ஆனால் பாய் முதல் வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் நான் வெறும் 'சிஸ்டம்'தான்.) வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், எங்கள் பிளாக்கிலேயே ஏசி அறையில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், வீடு என் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஏசி எனக்காகப் போட்டதல்ல, சர்வருக்காகப் போட்டது என்பதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

யார்டில் வேலை நடக்கும் விதம் இதுதான். லாரி வரும். கேட் ஆபீசில் இருக்கும் தேவகி, கண்டெய்னர் நம்பரை கம்ப்யூட்டரில் தட்டுவாள். அது எத்தனையாவது வரிசையில், எத்தனையாவது கட்டத்தில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்று சர்வர் சொல்லும். சீட்டு ஒன்று அச்சாகி வரும். அதை வாங்கிக்கொண்டு பக்கிரி அண்ணன் தன் ஸ்டாக்கர் வண்டியில் போய், கண்டெய்னரைத் தீப்பெட்டி போலத் தூக்கி வந்து லாரியில் வைப்பார். பக்கிரி அண்ணன் நெட்டுக்குப்பத்துக்காரர். இரண்டு மாடி உயரமுள்ள அந்த வண்டியைச் சைக்கிள் மாதிரி ஓட்டுவார். ஆனால் சீட்டு இல்லையென்றால் அவருக்கும் ஒன்றும் தெரியாது. எல்லாப் பெட்டியும் ஒரே துரு நிறம், ஒரே உருவம்.

எந்தப் பெட்டி எங்கே என்பதை நினைவில் வைத்திருந்த ஒரே ஜீவன் அந்த சர்வர்தான். அது தினமும் காலை பதினோரு மணிக்கு ஒரு தடவையும் மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவையும் அசையாமல் நின்றுவிடும். "சிஸ்டம், உன் பொட்டி தூங்கிட்ச்சி" என்று பக்கிரி அண்ணன் ஜன்னலைத் தட்டுவார். நான் எழுந்து போய் பட்டனை அழுத்தி அணைத்து, பத்து வரை எண்ணி, மறுபடியும் அழுத்துவேன். அது எழுந்து சோம்பல் முறித்து வேலைக்கு வர இருபது நிமிஷம் ஆகும். அதுவரை லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் நிற்கும். டிரைவர்கள் என் பிறப்பைப் பற்றி விதவிதமாகப் பேசுவார்கள். மற்ற எல்லோரும் டீ குடிப்பார்கள். யார்டின் டீ நேரத்தை சர்வர்தான் நிர்ணயித்தது. மூன்று வருஷ டிப்ளமோவில் நான் உருப்படியாகப் பயன்படுத்தியது வலது கை ஆள்காட்டி விரலை மட்டும்தான்.

இப்படி இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பன் ஒருவன் என்னை லினக்ஸ் ஆர்வலர்கள் கூட்டத்துக்கு அழைத்துப் போனான். அங்கே தாடி வைத்த ஒருவர், தன் கம்பெனி டேட்டாபேஸ் சர்வரை எட்டு மாதமாக அணைக்கவே இல்லை என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாளிலிருந்து முதல் வருஷம் மாலை போட்ட கன்னிச்சாமி மாதிரி ஆகிவிட்டேன். சலூனில் பேசினேன். பஸ்ஸில் பேசினேன். அம்மாவையும் விடவில்லை.

"அதுக்கு வைரஸே வராதும்மா."

"கொசு வராத மாதிரி எதுனா கீதா பாரு" என்றாள் அம்மா.

ஜமால் பாயிடம் போய் நின்றபோது அவர் கல்மண்டபத்திலிருந்து வாங்கி வந்த பன்னை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். ராயபுரத்தில் பிறந்து, துறைமுகத்தில் சுமை தூக்கிப் பிறகு சொந்தமாக யார்டு போட்டவர். எதையும் இரண்டு தடவை தட்டிப் பார்க்காமல் வாங்க மாட்டார். நான் மூச்சு விடாமல் சொன்னேன். இப்போது இருக்கும் சிஸ்டத்தில் புதிதாக ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்தால்கூட லைசென்ஸ் வாங்க வேண்டும், லினக்ஸில் எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். போன மாதம் யாரோ பாட்டு சிடியோடு கொண்டுவந்த வைரஸ் மாதிரி எதுவும் இங்கே நுழையாது. இதே பழைய மெஷினே போதும், புதிது வாங்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அது தூங்காது.

"வெல இன்னா?" என்றார் பாய்.

"சும்மா பாய்."

அவர் பன்னைக் கீழே வைத்தார். "சும்மா குட்றானா? அப்ப நாளைக்கி அது நின்னு போச்சின்னா நான் யாராண்ட போயி கேக்கறது?"

"உலகம் பூரா ஆள் இருக்காங்க பாய். இன்டர்நெட்ல கேட்டா சொல்லுவாங்க. உலகமே பொறுப்பு."

"ஒலகத்த நான் எங்க நைனா போயி தேடறது? நீதான் பொறுப்பு. நீ நிக்கறியா?"

"நிக்கறேன் பாய்."

"ஒரு நாள்கூட நம்ம யார்டு கேட்டு நிக்கக்கூடாது. நின்னுச்சி, நீ வூட்டுக்குப் போயிடு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பதை நான் கவனிக்காததுதான் என் பிரச்சினை.

கேட்டை நிறுத்தாமல் சர்வரை மாற்ற ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும். அது ஆயுத பூஜை. அன்று மதியத்துக்கு மேல் லாரி கிடையாது. மறுநாள் காலை எட்டு மணிக்குக் கேட் திறந்தால் போதும். இருப்பது ஒரே மெஷின் என்பதால் திட்டம் சுலபம். டேட்டாபேஸ் முழுவதையும் ஒரு சிடியில் எழுத வேண்டும், மெஷினைச் சுத்தமாக அழிக்க வேண்டும், லினக்ஸைப் போட வேண்டும், சிடியிலிருந்து டேட்டாவைத் திரும்ப ஏற்ற வேண்டும். நண்பன் வீட்டு கம்ப்யூட்டரில் ஐம்பது கற்பனை கண்டெய்னர்களை வைத்து ஒத்திகை பார்த்தேன். பிரமாதமாக வந்தது.

(ஒரு சிடி மட்டும்தானா, இன்னொரு பிரதி இல்லையா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. ரிச்சி தெருவில் ஐந்து வெற்று சிடி வாங்கியிருந்தேன். மீதி நாலு என்ன ஆயிற்று என்பதற்குப் பிறகு வருகிறேன். வேறு கம்ப்யூட்டரில் ஒரு பிரதி வைத்திருக்கலாமே என்றால், வைத்திருக்கலாம். அதைக் கேட்டிருக்க வேண்டியவன் நான். தினமும் மாலையில் தேவகி அச்செடுத்து ஃபைல் செய்த யார்டு லிஸ்டையாவது பார்த்திருக்கலாமே என்றால், 'கம்ப்யூட்டர் இருக்கும்போது காகிதம் எதற்கு' என்று மூன்று மாதத்துக்கு முன் அதை நிறுத்தியவனும் நான்தான்.)

ஆயுத பூஜை அன்று காலை சிடி எழுத ஆரம்பித்தேன். பதினோரு மணிக்குப் பாதியில் சர்வர் தூங்கிவிட்டது. அதை எழுப்பி, மறுபடியும் முதலிலிருந்து எழுதி, திறந்து சரிபார்த்து முடிக்கும்போது பன்னிரண்டு. வெளியே யார்டே கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆபீசுக்கு எதிரே இருந்த கண்டெய்னரில் வாழை மரம் கட்டி, மாவிலைத் தோரணமும் கலர் காகிதமும் தொங்கவிட்டு, அதன் முன்னால் பூஜை. ஸ்டாக்கர் வண்டிக்கு அண்டா சைஸில் சந்தனப் பொட்டு. பொரி, சுண்டல், பழம், பூசணிக்காய் எல்லாம் பாயின் செலவு. வெள்ளைச் சட்டை போட்டு ஓரமாக நின்று, பொரிப் பொட்டலத்தை முதல் ஆளாக அவர்தான் வாங்கிக்கொள்வார்.

பக்கிரி அண்ணன் நேராக சர்வர் அறைக்கு வந்தார். "பொட்டிய தூக்கு. பூசைல வெக்கணும்."

நான் மெஷினை மறைத்துக்கொண்டு நின்றேன். "எப்ப திருப்பித் தருவீங்க?"

"பூசைல குந்திச்சின்னா நாளைக்கி காத்தால வரைக்கும் எவனும் தொடக்கூடாது. என் வண்டியவே நான் தொட மாட்டேன், உன் பொட்டி இன்னா ஒசத்தியா? போன வருசம் பூசைல வெச்சமே, அன்னிக்கி ஒரு தபா தூங்குச்சா?"

(அன்று அதை அணைத்து வைத்திருந்தார்கள்.)

எங்கள் வீட்டில் அப்பா புத்தர் படத்தைத் தவிர வேறு எதையும் மாட்டவில்லை. ஆயுத பூஜை என்றால் எனக்கு லீவும் பொரியும்தான். தொழில் செய்கிறவனுக்கு அந்த ஒரு நாள் தன் கருவியைத் தொடாமல் இருப்பதில் எவ்வளவு பெருமை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. மெஷின் பூஜைக்குப் போனால் என் ஒரே நாளும் போய்விடும் என்பது மட்டும் விளங்கியது. அந்த நெருக்கடியில்தான் என் வாழ்க்கையிலேயே மிகப் புத்திசாலித்தனமான யோசனை எனக்குத் தோன்றியது.

"அண்ணே, இந்தப் பொட்டி வெறும் கூடு. உயிரு இதோ, இதுலதான் இருக்கு. இத பூசைல வைங்க. நான் நாளைக்குக் காலைல வரைக்கும் தொட மாட்டேன். சத்தியமா."

லினக்ஸ் போடவே சாயங்காலம் ஆகிவிடும். சிடி காலையில் கிடைத்தால் போதும், ஏற்றுவதற்கு அரை மணி நேரம்தான் ஆகும் என்பது என் கணக்கு. பக்கிரி அண்ணன் சிடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோக்கா கீது. நீயே வந்து வெய்யி" என்றார்.

நானே போய் வைத்தேன். பளபளக்கும் பக்கம் மேலே இருந்தால் அழகாக இருக்கும் என்று மல்லாக்க வைத்தேன். எல்லோரும் பார்க்கிறார்களே என்று மூன்று சந்தனப் பொட்டும், அதன் மேல் குங்குமமும் வைத்தேன். காலையில் தண்ணீரில் கழுவினால் போய்விடும் என்று எனக்குத் தெரியும். விஷயம் தெரிந்தவன் அல்லவா. கேட் ஆபீஸ் வாசலில் நின்று தேவகி பார்த்தாள், நான் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன்.

பிறகு உள்ளே ஓடி, மெஷினை முழுவதுமாக அழிக்கக் கட்டளை கொடுத்தேன். அது ஒரு வார்த்தை பேசாமல் அழிய ஆரம்பித்தது. அந்த நேரத்தில் வெளியே மணியடித்தார்கள். "சிஸ்டம், தீபாராதன காட்றோம், வா" என்று குரல் வந்தது. போனேன். பக்கிரி அண்ணன் ஸ்டாக்கருக்கும், தராசுக்கும், ஸ்பானர் செட்டுக்கும், லாரி சாவிகளுக்கும் கற்பூரம் சுற்றி எங்களிடம் கொண்டுவந்தார். நல்ல பெரிய ஜுவாலை. லேசாக ஒரு பிளாஸ்டிக் வாசனை அடித்தது. வடசென்னையில் காற்றில் ஒரு வாசனை கூடுதலாக வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழக்கமில்லாத நானும் இரண்டு கையையும் தீயின் மேல் காட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மனசுக்கு இதமாக இருந்தது. ஐந்து மணிக்கு லினக்ஸ் தயார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், யார் நீ என்று கேட்டுக்கொண்டு நின்றது. நான் விசிலடித்தபடியே வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஆறரை மணிக்கெல்லாம் யார்டில் இருந்தேன். பூஜை செய்த இடத்தில் பித்தளைத் தட்டு இருந்தது. தட்டில் என் சிடி இருந்தது. சிடியின் மேல் ஒரு கரிய பள்ளம், நடு ஓட்டையில் முக்கால்வாசி எரிந்த ஊதுவத்தி, சுற்றிலும் சந்தனம். ஒரு பக்கம் உருகி அப்பளம் மாதிரி மேலே எழும்பியிருந்தது.

பக்கிரி அண்ணன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இதுல கற்பூரம் ஏத்துனது யாரு?"

"நான்தான். இன்னாத்துக்கு?"

"இது தட்டு இல்லண்ணே."

"தட்டு இல்லியா? நீதான பளபளன்னு மல்லாக்க வெச்சிட்டு போன. உயிரு கீதுன்னு வேற சொன்ன. சரி, ஒசந்த ஐட்டம், இதுலயே ஏத்தலாம்னு ஏத்துனேன். நடுவுல ஓட்ட வேற கீது, ஊதுவத்தி சொருவறதுக்குன்னு நென்ச்சிகினேன். எல்லாருக்கும் காட்னனே, நீயும்தான ரெண்டு கையாலயும் ஒத்திக்கின."

பொரி மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். ஆயிரத்துச் சொச்சம் கண்டெய்னர்களின் விலாசமும் என் கண்ணெதிரே எரிந்திருக்கிறது. அந்தத் தீயை நான் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறேன்.

ஏழரைக்கு தேவகி வந்தபோது நான் குழாயடியில் சிடியைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். பல்பொடியும் போட்டுப் பார்த்தாகிவிட்டது. விஷயத்தைச் சொன்னேன். தண்டையார்ப்பேட்டைப் பெண், எதற்கும் அலட்டிக்கொள்ள மாட்டாள்.

"சரி சார், இன்னொரு சிடில போட்டு வெச்சிருப்பீங்கல்ல, அத்த எடுங்க."

"இன்னொண்ணு இல்ல."

"அஞ்சு வாங்கினு வந்தீங்களே. நான்தான பில்லு பாத்தேன். மீதி நாலு எங்க?"

நான் குழாயைப் பார்த்தேன். "உங்க வூட்லதான் இருக்கு."

கடந்த இரண்டு மாதத்தில், 'கைவசம் சும்மா இருந்தது' என்று சொல்லி நாலு சிடியில் காதல் பாட்டாகப் பொறுக்கி எழுதி அவளிடம் கொடுத்திருந்தேன். தேவகி குழாயைத் திருகி மூடினாள். பிறகு, "அதுல ரெண்டு சிடில ஒரே பாட்டு ரெண்டு தபா கீது சார்" என்று சொல்லிவிட்டுக் கேட் ஆபீசுக்குப் போய்விட்டாள். வாழ்க்கையில் நான் காதலைச் சொன்னது இப்படித்தான். பதில் என்ன என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை.

எட்டு மணிக்கு பாய் வந்தார். கேட்டில் ஏற்கெனவே ஏழெட்டு லாரி. அதைவிட மோசம், ஆம்பூர் தோல் கம்பெனிக்காரரின் இருபத்திரண்டு கண்டெய்னர்கள் அன்று மாலை ஐந்து மணிக்குள் துறைமுகத்துக்குள் போயாக வேண்டும். போகாவிட்டால் கப்பல் விட்டுவிட்டுப் போய்விடும். கப்பலுக்கு விஜயதசமி தெரியாது. அந்த இருபத்திரண்டு நம்பர்களும் காகிதத்தில் இருந்தன. எங்கே இருக்கின்றன என்பதுதான் தட்டில் எரிந்துவிட்டது.

பாய் சிடியைக் கையில் வாங்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார்.

"ஒலகமே பொறுப்புன்னு சொன்னியே. கூப்புடு ஒலகத்த."

வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. வீட்டில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் என் ஏசி அறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. நானே மேஜையில் இருந்த டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினேன்.

"எங்க போற?"

"நீங்கதான பாய் சொன்னீங்க. கேட்டு நின்னா வூட்டுக்குப் போன்னு."

"மணி எட்டு. இன்னும் நிக்கல. சாயங்காலம் அஞ்சுக்கு அந்த இருவத்ரெண்டு உள்ள போவலன்னா அப்பால போ." பாய் சட்டைக் கையை மடித்தார். "எந்தப் பொட்டியும் ஓடிப் போவல. எல்லாம் இங்கதான் கீது. எங்க கீதுன்னுதான தெரியல? நடந்து பாரு."

எல்லோருக்கும் நோட்டும் பென்சிலும் கொடுத்தார். மண்ணடியில் இருந்த தம்பி கடைக்குப் போன் போட்டு இரண்டு கம்ப்யூட்டர்களை வேனில் ஏற்றி அனுப்பச் சொன்னார். அவை வந்தவுடன் சர்வரோடு இணைத்தேன். லைசென்ஸ் எங்கே என்று கேட்காமல், முகம் சுளிக்காமல் சேர்த்துக்கொண்டது. லினக்ஸ் அன்று முழுக்க ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வயிறு காலியாக இருந்ததே தவிர, தன் பங்குக்குத் தயாராகத்தான் இருந்தது.

கீழ் அடுக்கில் இருந்தவற்றின் நம்பரை ஆட்கள் நடந்து படித்தார்கள். மேல் அடுக்குகளுக்கு யாராவது உயரத்தில் போக வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கிரி அண்ணன் ஸ்டாக்கர் வண்டியில் இரும்புக் கூண்டை மாட்டி, என்னை அதில் ஏற்றினார்.

"கீழ பாக்காத சிஸ்டம். நம்பர மட்டும் பாரு."

ஐந்தாவது அடுக்கு உயரத்தில் புரட்டாசி வெயிலில் அந்தக் கூண்டு ஆடியது. ஒரு பக்கம் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் கடல். இரண்டையும் நான் பார்க்கவில்லை. கண்ணை நாலு எழுத்திலும் ஏழு எண்ணிலும் வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். கீழே ஒருவர் எழுதி, இன்னொருவர் ஓடி, தேவகியிடம் கொடுக்க, அவள் மூன்று கம்ப்யூட்டர்களிலும் ஆட்களை உட்கார வைத்து ஏற்றினாள். வெயிலில் காய்ந்த கண்டெய்னர் கூரையைப் பிடித்த என் கை கொப்பளித்தது. ஒரு கண்டெய்னர் மேல் காக்கைக் கூடு இருந்தது, அதன் சொந்தக்காரர் என் மண்டையில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டுப் போனார். கீழே நின்ற லாரி டிரைவர்களும் ஹார்ன் அடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே ஆளுக்கொரு நோட்டு கேட்டு வாங்கிக்கொண்டு வரிசைக்குள் புகுந்தார்கள்.

பதினோரு மணி போனது. யாரும் டீ குடிக்கவில்லை. மூன்று மணியும் போனது. பக்கிரி அண்ணன் வண்டியை நிறுத்தி மேலே பார்த்துக் கேட்டார்.

"இன்னா சிஸ்டம், இன்னிக்கி அது தூங்கவே இல்லியா?"

"லினக்ஸ் தூங்காதுண்ணே."

"அப்ப டீ எப்போ?"

இந்தக் கேள்விக்கு அந்தத் தாடிக்காரர் எனக்குப் பதில் சொல்லித் தந்திருக்கவில்லை.

மூன்று மணிக்குள் இருபத்தொன்று கிடைத்து, துறைமுகத்துக்குக் கிளம்பிவிட்டது. இருபத்திரண்டாவதைக் காணோம். எல்லா வரிசையும் இரண்டு தடவை பார்த்தாகிவிட்டது. மூன்றரை. நாலு. பாய் நாற்காலியைக் கேட் பக்கத்தில் போட்டு, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் கூண்டிலிருந்து இறங்கி, நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன்.

அப்போது தேவகி ஆபீஸ் வாசலுக்கு வந்து எதிரே கையைக் காட்டினாள். "சார், பூச போட்ட பொட்டிய யாருனா பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. வாழை மரமும் மாவிலையும் கலர் காகிதமும் நம்பரை மூடியிருந்தன. அது பூஜைப் பெட்டி என்று எல்லோருடைய கண்ணும் அதைத் தாண்டியே போயிருந்தது. நான் ஓடிப் போய்த் தோரணத்தை விலக்கினேன். அந்த நம்பர்தான். முந்தைய நாள் அதன் முன்னால் நின்றுதான் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அவிழ்க்க நேரமில்லை. பக்கிரி அண்ணன் வாழை மரத்தோடு தூக்கி லாரியில் வைத்தார். தோரணம் பறக்க அது போனது. துறைமுக வாசலில் காவலாளி, கல்யாணம் யாருக்கு என்று கேட்டாராம். ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது உள்ளே போய்விட்டது.

பாய் என்னைக் கூப்பிட்டார். டிபன் டப்பாவைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன்.

"உன் லினக்ஸு நல்லவந்தான் நைனா. நீதான் பேஜாரு. அது எட்டு மாசம் நிக்காம ஓடும்ன. உன்ன எட்டு நிமிசம் தனியா வுட முடியாது." எரிந்த சிடியைப் பக்கிரி அண்ணன் கையில் கொடுத்தார். "நாளைக்கி வா. ஆனா டேட்டா இருக்கற சிடிய நீ கையில தொடக்கூடாது."

அதன்படி தினமும் மாலையில் இரண்டு சிடிகள். ஒன்று பாய் வீட்டு இரும்பு பீரோவுக்குப் போகும். இன்னொன்று தேவகியின் கைப்பையில் தண்டையார்ப்பேட்டைக்குப் போகும். சர்வரின் உயிர் பஸ் ஏறும் வரை பாதுகாப்பாகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது என் கடமை என்பதால், தினமும் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்தேன். ஒன்றரை வருஷம் நடந்தேன். அதற்குள் சர்வரை ஒரே ஒரு தடவைதான் அணைத்தோம், அதுவும் அடுத்த ஆயுத பூஜைக்குப் பூஜையில் உட்கார வைக்க. பதினோரு மணி டீக்கு பாய் ஒரு பித்தளை மணி வாங்கி மாட்டினார்.

எங்கள் கல்யாணத்தில் பக்கிரி அண்ணன் மேடையேறி ஒரு பார்சலைக் கொடுத்தார். பிரித்தால், கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த சிடி. சந்தனப் பொட்டுகூட அப்படியே இருந்தது. இப்போதும் எங்கள் ஹாலில் புத்தர் படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. யார் வந்தாலும் தேவகி முழுக் கதையையும் சொல்லாமல் காபி கொடுப்பதில்லை. நாலு பாட்டு சிடிகளையும் அதற்குச் சாட்சியாக எடுத்து வருவாள்.

என்னிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. தேவகியோடு எந்தக் கோயிலுக்குப் போனாலும், கற்பூரத் தட்டு என்னிடம் வந்தால் உடனே கையை நீட்ட மாட்டேன். முதலில் நன்றாகக் குனிந்து, தீக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பேன். குருக்கள்மார் தட்டில் ஏதோ அழுக்கு என்று நினைத்துக்கொண்டு அவர்களும் குனிவார்கள். போன மாதம் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், ஐம்பது பேர் வரிசையில் நிற்க, நான் வழக்கம்போலக் குனிந்தேன். எனக்குப் பின்னால் நின்ற எங்கள் மகள் சத்தமாகச் சொன்னாள்.

"வெறும் தட்டுதான்பா. ஒத்திக்க."